எங்கள் தென்னையில் ஒரு கூடு, இரண்டு சோடி

எருக்கலம்பிட்டியில் எங்கள் பின்வளவில் நிற்கும் தென்னைகளுள் கிணற்றடித் தென்னைதான் மிக உயரமானது. கடந்த ஜனவரியில் அதன் ஓலைகளுக்கிடையே ஒரு செம்பருந்துச் சோடி கூடு கட்டத் தொடங்கியது. சுள்ளி, காய்ந்த பாளை, அறுந்த வலைத்துண்டு என்று எதையெல்லாமோ சுமந்து வந்தன. மூன்றாம் கிழமை, கூடு ஏறக்குறைய முடிந்திருந்த நேரம், இரண்டு கரும்பருந்துகள் வந்து அதே மரத்தைச் சுற்றின. இனங்களுக்கிடையிலான போட்டி என்று உயிரியல் பாடத்துக்காக மனனம் செய்தது எங்கள் கிணற்றுக்கு மேலேயே நடக்கப்போகிறது என்று ஒரு பழைய கொப்பியை எடுத்துக்கொண்டேன்.

முதலில் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஊரில் இரண்டுமே எங்களுக்குப் பருந்துதான். செம்பருந்துக்குத் தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்ற உடல் செங்கல் நிறம். கரும்பருந்து முழுவதும் கபில நிறம், உருவிலும் சற்றுப் பெரியது. ஆனால் நிறத்தை நம்பி நான் முதல் நாளே ஏமாந்தேன். செம்பருந்தின் இளம் பறவையும் கபில நிறமே. ஆகவே வாலைப் பாருங்கள். செம்பருந்தின் வால்நுனி விசிறிபோல் வளைந்திருக்கும். கரும்பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும். வாலை முழுதாக விரிக்கும்போது மட்டும் அந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியாமற் போகும்.

கரும்பருந்து இலங்கை முழுவதும் காணக்கூடிய பறவையன்று. புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாக யாழ்ப்பாணம் வரையுள்ள வறண்ட கரையோரமே அதன் முக்கிய இருப்பிடம். டில்லியில் குப்பைமேடுகளுக்கு மேல் கூட்டமாக வட்டமிடும் அதே இனம்தான் இது. கருவாடு காயப்போடும் கரையில் அதைத் தினமும் காண்கிற நமக்கு அது பெரிய விடயமாகத் தோன்றுவதில்லை.

சுபஹ் தொழுதபின் பாடசாலைக்குப் புறப்படும் வரையும், அஸருக்குப் பின் மஃரிப் வரையும் பார்த்து எழுதினேன். சண்டை என்றால் இறகு பறக்கும், இரத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். எட்டு நாட்களில் 41 முறை ஒன்றையொன்று பாய்ந்து விரட்டின. நகம் நகத்தில் பட்டது இரண்டே முறை. மற்றவை எல்லாம் மேலிருந்து வீழ்ந்து, கடைசிக் கணத்தில் விலகிப் போன பாய்ச்சல்கள். காயப்பட்ட பருந்தால் இரை பிடிக்க முடியாது. ஒரு கூட்டுக்காக இறக்கையை இழப்பது இரு பக்கத்துக்கும் நட்டம். உண்மையான போட்டி வேறிடத்தில் இருந்தது. செம்பருந்துகளில் ஒன்று எப்போதும் கூட்டிலேயே இருந்தது. மற்றது மீன் கொண்டு வந்து கொடுத்தது. கரும்பருந்துகள் பக்கத்துப் பனையில் அமர்ந்து காத்திருந்தன. (இந்தச் சந்தடியில் இலாபம் கண்டவை காகங்கள். சுள்ளிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போயின.)

ஒன்பதாம் நாள் தேங்காய் பறிக்க ஆள் வந்தார். வருவார் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். கிணற்றடி மரத்தை விடச் சொல்லும்படி வாப்பாவிடம் கேட்க நினைத்தேன். ரியூசனுக்குப் போகும் அவசரத்தில் கேட்கவில்லை. அவர் தளைநார் போட்டு ஏறினார். கூட்டைத் தொடவே இல்லை. செம்பருந்துகள் இரண்டும் கத்திக்கொண்டு மேலே சுற்றின. அரை மணித்தியாலம்கூட ஆகியிராது என்று உம்மா சொன்னார். அவர் இறங்கிக் கிணற்றடியில் கை கழுவும்போது கூட்டில் இருந்தது பிளந்த வால்.

“ரெண்டு முட்டை கிடந்துது” என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம். மறுநாள் காலை மரத்தடியில் ஓட்டுத் துண்டுகளைக் கண்டேன். பருந்து தள்ளியதா, காகம் எடுத்ததா என்று நான் காணவில்லை. கொப்பியில் ‘முடிவு’ என்ற தலைப்பின்கீழ் ‘கரும்பருந்து வென்றது’ என்று எழுதி, பிறகு வெட்டிவிட்டேன்.

அதன் பின்னர் ஒரு வேடிக்கை நடந்தது. கரும்பருந்துகள் வெள்ளைச் சொப்பிங் பைத் துண்டுகளைக் கொண்டு வந்து கூட்டில் தொங்கவிட்டன. ஸ்பெயினின் டொனானா தேசியப் பூங்காவில் இதே இனத்தை ஆராய்ந்தவர்கள் 2011இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் இதைப்பற்றி எழுதியிருக்கிறார்கள். அங்குள்ள கரும்பருந்துகளும் வெள்ளைப் பிளாஸ்ரிக்கையே விரும்பித் தெரிந்தெடுத்தன. உடல் வலுவுள்ள நடுவயதுச் சோடிகளின் கூடுகளில் அலங்காரம் அதிகம். அவற்றிடம் அத்துமீறி வந்த பறவைகள் குறைவு. மிக இளையவையும் மிக முதியவையும் அவ்வளவாக அலங்கரிப்பதில்லை. வலு இல்லாதது பொய்யாக அலங்கரித்தால் என்ன? ஆய்வாளர்களே மேலதிகத் துண்டுகளை வைத்துப் பார்த்தபோது, சவால் விட வந்த பறவைகள் கூடின; பல பருந்துகள் அவற்றை எடுத்து எறிந்துவிட்டன. எங்கள் தென்னை ஒன்றை வைத்து அதையே இங்கும் சொல்லிவிட முடியாது. எங்கள் சோடியின் வலு எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும்: ஆள் ஏறும் வரை காத்திருந்ததுதான்.

பெப்ரவரியில் செம்பருந்து ஒன்று களப்போரக் கண்டல் மரங்களை நோக்கிச் சுள்ளியுடன் போவதைக் கண்டேன். அதே பறவையா என்று அடையாளம் சொல்ல வழியில்லை.

கரும்பருந்து அடைகாக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். குஞ்சு பறக்க இன்னும் ஆறு, ஏழு கிழமை. இந்த முறை வாப்பாவிடம் நேரத்தோடு கேட்டேன். குஞ்சு பறக்கும் வரை கிணற்றடி மரத்தில் பறிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார். முற்றிய தேங்காய்கள் தாமாகவே விழுகின்றன. உம்மா அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போடுவதை நிறுத்திவிட்டார்.