பொதுநல அமைப்புகளுக்கு ஆலோசனையும் பயிற்சியும்: வணிகர்கள் அறிய வேண்டியவை

வணிகர்களாகிய நாம் கடையோடு நின்றுவிடுபவர்கள் அல்லர். ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கமிட்டி அமைத்தாலும், கோயில் திருப்பணிக்குக் குழு போட்டாலும், மருத்துவ முகாம் நடத்த அறக்கட்டளை தொடங்கினாலும், பொருளாளர் பதவிக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு வியாபாரியின் பெயர்தான். வியாபாரிக்குக் கணக்குத் தெரியும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கை நேற்று வந்ததன்று. விருதுநகரில் 1889-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சத்திரிய வித்யாசாலையைத் தாங்கி நின்றவை வணிகர்களின் மகமையும், வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியுமே. காமராஜர் படித்த பள்ளி அது.

அன்று நாணயமும் ஒரு பேரேடும் இருந்தால் போதும். இன்று பதிவுச் சட்டம், வருமான வரி விதிகள், நன்கொடை அறிக்கைகள் எனப் பல வந்துவிட்டன. எனவே பொதுநல அமைப்புகளுக்கு ஆலோசனை கூறுவோரும் பயிற்சி அளிக்கும் நிறுவனங்களும் பெருகியுள்ளனர். அவர்களை அழைப்பதில் தவறில்லை. ஆனால் எதற்காக அழைக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

ஆலோசனை வேறு, பயிற்சி வேறு

ஆலோசனை என்பது, விவரம் தெரிந்த ஒருவர் நம் அமைப்பைப் பார்த்துக் குறை என்ன, வழி என்ன என்று சொல்வது. துணைவிதிகள் எழுதுவது, பதிவு செய்வது, திட்ட அறிக்கை தயாரிப்பது எல்லாம் இதில் அடங்கும். பயிற்சி என்பது, அந்த வேலையை நம்மவர்களே செய்யும்படி கற்றுக் கொடுப்பது. கடையில் கம்ப்யூட்டர் பில் போட ஏற்பாடு செய்கிறோம். பொருத்திக் கொடுத்தவர் மாலையில் போய்விடுவார். மறுநாள் காலையில் பில் போட வேண்டியவர் நம் கணக்கப்பிள்ளை. அவருக்குத் தெரியாவிட்டால் கம்ப்யூட்டர் இருந்தும் பயனில்லை. அமைப்புகளுக்கும் இதுவே பொருந்தும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக் குழு, எல்லாக் காகித வேலைகளையும் ஓர் ஆலோசகரிடம் ஒப்படைத்திருந்தது. வருமான வரி இணையக் கணக்கில் அவருடைய கைப்பேசி எண்ணே பதிவாகியிருந்தது. அவர் வெளியூர் போய்விட்டார். படிவம் தாக்கல் செய்யும் நேரத்தில் ரகசிய எண் அவர் கைப்பேசிக்குப் போயிற்று. குழுவினருக்குக் கடவுச்சொல்லும் தெரியாது. பல மாதங்கள் அலைந்து சரி செய்வதற்குள், நன்கொடை தருவதாகச் சொன்ன இருவர் பின்வாங்கிவிட்டனர். அந்தப் பணத்தில் கட்ட நினைத்த இரண்டு வகுப்பறைகள் நின்றுபோயின. பணத்தில் யாரும் கை வைக்கவில்லை. இருந்தும் நஷ்டம் பிள்ளைகளுக்கு.

தருமபுரி காட்டிய வழி

பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று உண்டு. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து அதை நடத்தியது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். பலர் கைநாட்டு வைத்தவர்கள். அவர்களுக்காக வேறு யாரோ கணக்கு எழுதிக் கொடுப்பதோடு விடாமல், ஊக்குநர், பிரதிநிதி என்று குழுவிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து, கூட்டம் நடத்தவும், தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் ஆகியவற்றைப் பராமரிக்கவும் பயிற்சி தந்தார்கள். 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. குழுக்கள் அடமானமாக வைக்கச் சொத்து இல்லை. கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, ஏடுகள் சரியாக உள்ளனவா, உள்கடன் திரும்பி வருகிறதா என்று பார்த்தே வங்கிகள் கடன் கொடுத்தன. ஒழுங்கான கணக்கே அவர்களுக்கு முதலாயிற்று.

பெரிய அமைப்புகளுக்கும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்பதை உணர்ந்தே, டாக்டர் குரியன் முயற்சியில் 1979-இல் குஜராத்தின் ஆனந்தில் இர்மா நிறுவனம் தொடங்கப்பட்டது. விவசாயிகளின் கூட்டுறவுகளை நடத்தத் தகுதியான மேலாளர்களை உருவாக்குவது அதன் நோக்கம்.

ஆலோசகரை அமர்த்துமுன் கவனிக்க வேண்டியவை

1. என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்பதை எழுத்தில் பெற்றுச் செயற்குழுவில் தீர்மானம் போடுங்கள். கிடைக்கும் நன்கொடையில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரைத் தவிர்ப்பது நல்லது. தர்மப் பணத்தில் தரகு கூடாது.

2. பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், பான் அட்டை, ஆடிட் அறிக்கைகள் ஆகியவற்றின் அசல் சங்க அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும். இணையக் கணக்குகளில் நிர்வாகிகளின் கைப்பேசி எண்களே இருக்க வேண்டும்.

3. ஒவ்வொரு வேலையையும் நம்மில் இருவராவது உடனிருந்து கற்க வேண்டும். அதில் ஒருவர் இளைஞராக இருக்கட்டும்.

4. அடுத்த ஆண்டு அதே வேலையை நம்மவர்கள் செய்ய, ஆலோசகர் சரிபார்த்தால் போதும் என்ற நிலை வர வேண்டும். அந்த நிலை வராவிட்டால், பயிற்சி நடக்கவில்லை என்று பொருள்.

பொருளாளர் நினைவில் கொள்ள வேண்டிய சட்டங்கள்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கை வைத்து, உரிய விவரங்களைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும்.

அறக்கட்டளைகளுக்கான வருமான வரிப் பதிவு, ஒருமுறை பெற்றால் என்றைக்கும் செல்லும் என்ற நிலை 2021 ஏப்ரல் 1 முதல் மாறிவிட்டது. குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வரிச் சலுகைக்குரிய நன்கொடைகளைப் பெறும் அமைப்புகள், கொடுத்தவர் விவரத்தை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தாக்கல் செய்யும் விதி 2021-22 நிதியாண்டு முதல் வந்தது. 2017-18 முதல், ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வரிச் சலுகை கிடையாது. 2025-இல் வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் மாறியுள்ளன. பழைய ரசீதுப் புத்தகங்களில் அச்சிட்டுள்ள எண்களை ஆடிட்டரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொள்ளவும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் பெரியோர். நம் கடைக் கணக்கில் பிசகினால் நஷ்டம் நம்மோடு போகும். பொதுக் கணக்கில் பிசகினால், அடுத்த நல்ல காரியத்துக்குக் கொடுக்க நீளும் கையும் மடங்கிவிடும். நீங்கள் பொறுப்பில் உள்ள அமைப்பின் அடுத்த கூட்டத்திலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: பொருளாளர் ஒரு மாதம் ஊரில் இல்லையென்றால் இந்தக் கணக்கை யார் எழுதுவார்? பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.