நின்றுபோன கருவியை வீட்டிலிருந்தே மறுபடி இயக்கும் முறை

உழவர் பெருமக்களின் மோட்டார் கொட்டகைகளில் முன்பு மெயின் சுவிட்சு, ஸ்டார்ட்டர், பியூஸ் கட்டைகள் ஆகியவையே இருந்தன. இன்று பல தோட்டங்களில் இவற்றோடு கைபேசியால் மோட்டாரை இயக்கும் கருவி, சொட்டுநீர் வால்வுகளைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டுப் பெட்டி, இணைய இணைப்புத் தரும் ரவுட்டர், காமிரா ஆகியனவும் இடம் பெற்றுள்ளன. இவை ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறிய கணிப்பொறி இருக்கிறது. ஆகவே இவை சில வேளைகளில் சிக்கிக்கொண்டு, விளக்கு எரிந்தபடியே செயலற்று நின்றுவிடுவதும் உண்டு.

அப்போது யாரேனும் தோட்டத்திற்குச் சென்று மின்சாரத்தை நிறுத்திப் போடவேண்டியிருக்கிறது. நடையை மிச்சப்படுத்த வாங்கிய கருவிக்காகவே மழை இரவில் வரப்பில் நடக்க நேரிடுகிறது. இதனைத் தவிர்க்க, கருவிக்குச் செல்லும் மின்சாரத்தைத் தொலைவிலிருந்தே துண்டித்து மறுபடி கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். ஆனால் முறை தவறினால் மோட்டாருக்கும் மனித உயிருக்கும் தீங்கு நேரும். எனவே இதன் நுணுக்கங்களை அறிந்த பின்னரே செய்தல் வேண்டும்.

கருவி ஏன் நிற்கிறது?

மின்னழுத்தம் திடீரென்று தாழ்ந்து உயர்தல், இடி மின்னல், கொட்டகையின் வெப்பம், தொலைபேசிக் கோபுரத்துடன் தொடர்பு அறுதல் ஆகியவை முக்கிய காரணங்கள். இவற்றால் கருவியின் நினைவகத்தில் உள்ள தற்காலிகக் கணக்குகள் குழம்பிவிடுகின்றன. மின்சாரத்தை நிறுத்தியதும் அந்தக் கணக்குகள் அழிகின்றன. மறுபடி கொடுத்ததும் கருவி முதல் வரியிலிருந்து தன் வேலையைத் தொடங்குகிறது.

நிறுத்திய உடனே போடுவது பயன் தராது. கருவியினுள் உள்ள கண்டன்சர்கள் சில விநாடிகள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஆகவே குறைந்தது 30 விநாடி இடைவெளி விடவேண்டும். கருவிக்குள் பேட்டரி இருந்தால் 230 வோல்ட் இணைப்பைத் துண்டித்தாலும் அது அணையாது. அத்தகைய கருவிக்குப் பேட்டரியிலிருந்து செல்லும் கம்பியையும் சேர்த்தே துண்டிக்க வேண்டும்.

இருந்த கொம்பை வெட்டலாகாது

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை எடுத்துக்கொள்வோம். வீடு ஊருக்குள், தோப்பு 4 கிலோமீட்டர் தொலைவில். தோப்பின் ரவுட்டர் நின்றுவிட்டது. அந்த ரவுட்டரின் அலையிலேயே இயங்கும் இணையச் சுவிட்சு ஒன்றை அதற்குப் பொருத்தியிருந்தால் என்ன நேரும்? ரவுட்டர் சிக்கிக்கொண்டபின் சுவிட்சுக்கு நம் கட்டளை போய்ச் சேராது. போய்ச் சேர்ந்து ரவுட்டர் அணைந்தாலும், "மறுபடி போடு" என்னும் அடுத்த கட்டளை செல்ல வழி இருக்காது.

எனவே மறுபடி தொடங்கிவைக்கும் பெட்டிக்குத் தனி சிம்மும் தனி மின்னிணைப்பும் இருத்தல் வேண்டும். அது ஒரே கட்டளையில் நிறுத்தி, 30 விநாடி காத்திருந்து, தானே மறுபடி போடும் வகையாகவும் இருக்கவேண்டும். சிம் வாங்கும்போது கருவி 2ஜி வகையா 4ஜி வகையா என்று பார்த்துக்கொள்ளவும். ஜியோ நிறுவனத்திற்கு 2ஜி அலை இல்லாததால் அதன் சிம் 2ஜி கருவியில் வேலை செய்யாது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண், தேவைப்படும் நாளில் கைகொடுக்காது.

இரு வகைக் கருவிக்கு இரு விதிகள்

மறுதொடக்கப் பெட்டியே பழுதானால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது அவசியம்.

முதல் விதி: ரவுட்டர், காமிரா, வால்வுப் பெட்டி போன்ற சிறு கருவிகள், பெட்டி பழுதானாலும் மின்சாரம் பெற்றபடியே இருக்கவேண்டும். இதற்கு ரிலேயில் எலக்ட்ரீசியன்கள் என்.சி. என்று குறிப்பிடும் முனையில் இணைப்புக் கொடுக்கவேண்டும். ரிலே வேலை செய்யாதபோது இந்த முனை சேர்ந்தே இருக்கும்.

இரண்டாம் விதி: மோட்டார், கருவி பழுதானால் நின்றுவிட வேண்டும். சாதாரண ஸ்டார்ட்டரில் மின்சாரம் போனதும் காயில் காந்தம் இழந்து கான்டாக்டர் விடுபடுகிறது. மின்சாரம் வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. இந்த நல்ல குணத்தைக் கெடுக்கக்கூடாது. கைபேசிக் கருவியின் என்.ஓ. முனை ஒன்றைக் காயிலின் கம்பியோடு தொடராக இணைத்து, கருவி நலமாக உள்ளவரை மட்டும் அந்த முனை சேர்ந்திருக்கும்படி அமைத்தால், கருவியின் மின்சாரம் அறுந்ததும் மோட்டாரும் நிற்கும். இவ்வாறு செய்யாவிட்டால், கருவி சிக்கிய நிலையில் கிணற்றில் நீர் வற்றினாலும் மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே மின்னோட்டம் மிகும்போது மட்டுமே விடுபடும். நீரின்றி ஓடும் மோட்டார் குறைவான மின்னோட்டத்தையே எடுப்பதால் அந்த ரிலே அதைக் காப்பாற்றாது.

மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை மறுதொடக்கப் பெட்டியின் சிறிய ரிலே வழியே விடவே கூடாது. 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7.5 ஆம்பியரும், நேரடியாகத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கும் எடுக்கும். ரிலேயின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் எந்தக் கட்டளையாலும் மோட்டாரை நிறுத்த இயலாது.

கடைப்பிடிக்க வேண்டிய வரிசை

1. முதலில் மோட்டாரை நிறுத்தவும். மின்சாரம் போனால் பெரும்பாலான சொட்டுநீர் மின்வால்வுகள் மூடிக்கொள்ளும். மோட்டார் ஓடும்போது வால்வுப் பெட்டியை அணைத்தால் நீருக்குப் போக்கிடமின்றிக் குழாய் வெடிக்கும்.

2. அடுத்து ரவுட்டரை அணைத்து மறுபடி தொடங்கவும். அது கோபுரத்துடன் தொடர்பு கொள்ளச் சில நிமிடங்கள் பிடிக்கும், பொறுத்திருக்கவும்.

3. பின்னர் வால்வுப் பெட்டியைத் தொடங்கி, எந்த வால்வு திறந்துள்ளது என்பதை உறுதி செய்துகொள்ளவும்.

4. கடைசியாக மோட்டாரைப் போடவும். நின்ற மோட்டாரை உடனே போடக்கூடாது. அடிவால்வு இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் குழாயின் நீர் கீழிறங்கும்போது பம்பு எதிர்த்திசையில் சுழலும். அந்நேரத்தில் மின்சாரம் கொடுத்தால் தண்டு முறியவும் கூடும். 5 நிமிடமாவது இடைவெளி தேவை.

மின்தடை நீங்கியதும் தானே ஓடும் ஆட்டோ முறையை வைத்திருப்போர், அண்டைத் தோட்டத்தாருடன் பேசி, ஒருவர் 2 நிமிடம், அடுத்தவர் 4 நிமிடம், மற்றவர் 6 நிமிடம் என்று தாமதம் அமைத்துக்கொள்ளுதல் நலம். எல்லா மோட்டார்களும் ஒரே கணத்தில் கிளம்பினால் டிரான்ஸ்பார்மரின் பியூஸ் போய்விடும், அனைவர்க்கும் நட்டம்.

தானே கவனித்துத் தானே தொடங்குதல்

சில கருவிகளில் காவல் கடிகாரம் என்னும் ஏற்பாடு உண்டு. கணிப்பொறி குறித்த நேரத்திற்குள் "நலம்" என்று தெரிவிக்காவிட்டால் இக்கடிகாரம் அதனை மறுபடி தொடங்கிவிடும். 1997 ஜூலை 4 அன்று செவ்வாய்க் கோளில் இறங்கிய அமெரிக்கப் பாத்ஃபைண்டர் கலத்திலும் இவ்வேற்பாடு இருந்தது. அதன் கணிப்பொறி சிக்கிக்கொண்ட போதெல்லாம் அது தானே மறுபடி தொடங்கிக்கொண்டது. விஞ்ஞானிகள் அதோடு விட்டுவிடாமல், காரணத்தை ஆராய்ந்து பூமியிலிருந்தே திருத்தம் அனுப்பினர். மறுபடி தொடங்குதல் காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது போன்றதே. நோய்க்கு மருந்து வேறு.

இத்தகைய ஏற்பாட்டில், மூன்று முறை விடை வராவிட்டால் மட்டும் தொடங்குமாறும், ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் முயலாதவாறும் அமைக்கவும். கோபுரமே பழுதாகியிருக்கும்போது ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதால் அது கெடுவதன்றிப் பயனில்லை. வாரம் ஒரு முறைக்கு மேல் கருவி நின்றால், இளகிய முனைகள், எர்த் கம்பி, ஆண்டெனா, கொட்டகையின் காற்றோட்டம் ஆகியவற்றைச் சோதிக்கவும்.

பாதுகாப்பு

கருவியுடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றவும். வீட்டாரின் இரண்டு, மூன்று எண்களுக்கு மட்டுமே கட்டளையிடும் உரிமை தரவும். கைபேசி தொலைந்தால் அந்த எண்ணை உடனே நீக்கவும். கம்பி இணைப்பு வேலைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கொண்டே செய்யவும். ஆர்.சி.டி. என்னும் உயிர்காக்கும் கருவியைப் பொருத்துதல் நலம்.

கைபேசியில் "மோட்டார் நின்றது" என்று வந்துவிட்டால் ஆபத்து நீங்கியதாகக் கருதக்கூடாது. ஸ்டார்ட்டர் வரையுள்ள கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். நாம் கிணற்றுக்குள் இருப்பதை அறியாமல் வீட்டிலிருப்பவர் மோட்டாரைப் போடவும் கூடும். ஆகவே கிணற்றில் இறங்குமுன்போ மோட்டாரைத் தொடுமுன்போ, மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கித் தம் மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கொட்டகைக் கதவில் "ஆள் வேலை செய்கிறார்" என்ற பலகையைத் தொங்கவிடுவதுடன், வீட்டாருக்கும் சொல்லிவிட்டே இறங்கவும்.

கைபேசியால் பம்புசெட்டை இயக்கும் கருவிகளுக்குத் தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கி வந்துள்ளது. வாங்குமுன் தங்கள் பகுதியிலுள்ள அத்துறை அலுவலகத்தில் நடைமுறையை விசாரித்து அறியலாம். கருவியைப் பொருத்தியபின், நல்ல வெளிச்சமுள்ள ஒரு பகல் வேளையில், ஒருவர் கொட்டகையிலும் ஒருவர் வீட்டிலும் இருந்துகொண்டு, மேற்கண்ட வரிசையை ஒரு முறை முழுமையாகச் செய்து பார்க்கவும். பகலில் பழகிய முறையே இரவில் கைகொடுக்கும்.