அப்பத்தாவுக்கு 78 வயது, சிகிச்சை வேண்டுமா?

கேள்வி: என் அப்பத்தா ஓயாமல் வெற்றிலையும் புகையிலையும் போடுபவர். கன்னத்தின் உள்பக்கம் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. “இந்த வயசுல எதுக்கு ஆஸ்பத்திரி?” என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: நாளைக்கே அழைத்துப் போங்கள். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்பது 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை உறுதிசெய்த உண்மை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். புற்றுநோய்தான் என்றால், மதுரையிலேயே பாலரெங்காபுரத்தில் அரசு மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கட்டும்.

வயதை மட்டும் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தவிர்ப்பது அநியாயம். தானாக நடமாடுகிறாரா, உடல் மெலிந்திருக்கிறாரா, இதயமும் சிறுநீரகமும் எப்படி என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். சில கீமோ மருந்துகள் காது கேட்கும் திறனைக் குறைக்கும். அதை முன்கூட்டியே கேளுங்கள். கதிர்வீச்சுக்கு முன் சொத்தைப் பற்களை அகற்றச் சொல்வார்கள். கதிர்வீச்சு பல வாரம், வாரத்தில் ஐந்து நாள் நடக்கும். யார் கூடப் போவது என்று இப்போதே பேசிவையுங்கள். அந்தப் பேச்சில் அப்பத்தாவையும் உட்கார வையுங்கள். அவர் உடம்பு, அவர் சம்மதம்தான் முதலில்.