ஜீனோவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பழைய புத்தகக் கடையில் சுஜாதாவின் ‘மீண்டும் ஜீனோ’ மட்டும் கிடைத்தது. முதல் பாகம் படிக்காமல் இதைத் தொடங்கலாமா?
— வாசகி, கோவில்பதாகை, ஆவடி

பதில்: கதை புரியும். ஆனாலும் ‘என் இனிய இயந்திரா’வைத் தேடிப் பிடித்து முதலில் படித்துவிடுங்கள். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். கதை நடப்பது 2021-ல். ஜீவாவின் சர்வாதிகார ஆட்சியில் பெயருக்கு இரண்டெழுத்துதான் அனுமதி. ஆயுளையும் அரசே நிர்ணயிக்கும். காணாமல்போன கணவன் சிபியைத் தேடும் நிலாவுக்குத் துணை, ரவி கொண்டுவந்த இயந்திர நாய் ஜீனோ. இரண்டாம் பாகத்தில் நிலா ராணி. அதிகாரமோ வேறு கையில். அந்தப் பொம்மை நாய் புத்தகங்களைப் படித்துப் படித்துச் சுயமாகச் சிந்திக்கத் தொடங்குவதை ஆரம்பத்திலிருந்து பார்த்தால்தான் முழு ருசி. அடுத்து, அதிகம் பேசப்படாத ‘சொர்க்கத் தீவு’க்குப் போங்கள். கதை வேறு, இயந்திர ஒழுங்கில் மனிதன் என்ன ஆவான் என்ற கவலை அதேதான்.