உலைக்களத்தில் மின் இணைப்பு

கொழுவும் மண்வெட்டியும் அரிவாளும் கூராக இருந்தால்தான் வேளாண்மை தடையின்றி நடைபெறும். அவற்றைக் காய்ச்சி அடித்துத் தரும் கொல்லரின் பட்டறை பெரும்பாலும் அவருடைய வீட்டை ஒட்டியே அமைந்திருக்கும். முன்னாளில் ஒருவர் துருத்தி ஊத, மற்றொருவர் சம்மட்டி பிடித்தார். இன்று பல ஊர்களில் துருத்தியின் வேலையைப் புளோயர் எனும் சிறிய மின்சாரக் கருவி செய்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், வீட்டுக் கூடத்திலிருந்து நீண்ட ஒயரைத் தரைமேல் இழுத்து வந்து அதனை ஓட்டுவது தவறு. உலைக்களத்திலேயே நிலையான பிளக் ஒன்றை அமைத்தல் வேண்டும்.

கால் குதிரைத்திறனுள்ள மோட்டார், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் மின்சாரமே இழுக்கும். பளு சிறிது, அபாயமோ பெரிது. அஃது எவ்வாறு? சாதாரண ஒயரின் மேலுறை 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையே நெடுநாள் தாங்கும். உலையில் இரும்போ 1,000 டிகிரி வரை காய்கிறது. தெறிக்கும் தீப்பொறி உறையைத் துளைத்துவிடும். இரும்புத்தூள் மோட்டாரினுள் படியும். இவற்றால் கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசியக்கூடும். கொல்லரோ, பதம் வைக்கும் நீர் சிந்திய ஈரத்தரையில், இரும்புக் குறட்டைப் பிடித்துப் பணியாற்றுகிறார்.

இதனால் மூன்று துளைப் பிளக்கே உகந்தது. செருகியின் பருத்த கால் மற்ற இரண்டினும் நீளமாயிருப்பதற்குக் காரணம் உண்டு. மின்சாரம் பாயுமுன் எர்த்து இணைப்பு ஏற்படவே அவ்வாறு செய்துள்ளனர். அக்காலை வெட்டிவிட்டுப் பயன்படுத்துவோர் தமக்குரிய காவலையே அகற்றுகின்றனர். எர்த்துக்குச் சுமார் 2.5 மீட்டர் நீளமுள்ள குழாயை மண்ணில் இறக்கி, கோடையில் அவ்விடத்திற்கு நீர் ஊற்றி வருதல் நன்று.

பிளக்கை உலைச்சுவரிலோ, தண்ணீர்த் தொட்டிக்கு மேலோ பொருத்தலாகாது. நெருப்பிலிருந்து 2 மீட்டருக்குக் குறையாத தொலைவில், தரையினின்று 1.2 மீட்டர் உயரத்தில், பொறி தெறிக்காத பக்கத்தில் அமைக்கலாம். நெருப்பைத் தாண்டிக் கை நீட்டாமலே ஸ்விட்சை அணைக்க முடிய வேண்டும். ஒயரை இரும்புக் குழாயினுள் செலுத்தி, அக்குழாயையும் எர்த்துடன் இணைத்தல் வேண்டும். பின்னர்ச் சாணை எந்திரமும் வைக்க எண்ணுவோர், தொடக்கத்திலேயே 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் தனி வழியாக அமைப்பது சிக்கனமாகும்.

30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் பொருத்துதல் இன்றியமையாதது. எனினும், எர்த்து இணைப்புக்கு அது மாற்றாகாது. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேண்டும்.

இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து தொழிலுக்கு மின்சாரம் எடுக்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் கேட்டறிதல் வேண்டும். உழைப்பைக் குறைக்க வந்த மின்சாரம், உழைப்பவர் உயிருக்கே உலை வைக்காதபடி காத்துக்கொள்வது நம் கடமையாகும்.