சாயம் போடும் தம்பிக்கு

ஆரணி



நீ கொடுத்தனுப்பிய அரக்கு நிற நூற்கழியும் கடிதமும் நேற்று அந்தியில் வந்து சேர்ந்தன. கடிதத்தை அப்பொழுதே படித்துவிட்டேன். சாயத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது நியாயமன்று என்பதால் கழியை மட்டும் காலை வரையில் மூடி வைத்திருந்து, திண்ணையில் வெயில் விழுந்த பிறகு விரித்துப் பார்த்தேன். உட்புறத்திலும் வெளிப்புறத்திலும், கட்டுப்போட்ட இடத்திலுங்கூட, நிறம் ஒரே சீராக இறங்கியிருக்கிறது. பட்டின் பளபளப்பும் மங்கவில்லை. பசை நீக்கும்போது சோப்பும் சோடாவும் அளவு மீறியிருந்தால் அந்த மினுமினுப்பு நின்றிராது. கொதியைப் படிப்படியாக ஏற்றி, புளிப்பைச் சிறிது சிறிதாக விட்டிராவிட்டால் அந்தச் சீரும் கிட்டியிராது. மூன்று வருஷப் பயிற்சியில் இந்த நிலையை நீ எட்டிவிட்டாய் என்பதில் எனக்குப் பரம திருப்தி.

ஆனால் கடிதத்தின் ஒரு வரி இரவெல்லாம் என்னை உறங்கவிடவில்லை. “கையுறை போட்டால் கைக்கு நூல் தெரியவில்லை, பெரியப்பா” என்று எழுதியிருக்கிறாய். வெறுங்கைக்குத்தான் நூல் பேசும் என்று என் தமையனார் சொல்லுவார். சொல்லியபடியே முப்பது வருஷத்துக்கு மேல் கமண்டல நாகநதிக்கரையை அடுத்த ஒரு பட்டறையில் முழங்கை வரையில் சாயத்தில் அமிழ்த்தி வேலை செய்தார். டப்பாவிலிருந்து பொடியைக் கையாலேயே அள்ளுவார். அண்டாவில் புளிப்பு ஏறியிருக்கிறதா என்பதை ஒரு சொட்டு நாவில் வைத்துப் பார்ப்பார். சேவூரிலிருந்தும் முள்ளிப்பட்டிலிருந்தும் தறிக்காரர்கள் அவரைத் தேடி வந்ததற்கு அந்தக் கையும் நாவுமே காரணம் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். நாங்களும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டோம்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது நடக்கும்போது ஒரு நாள் சிறுநீர் சிவந்து போயிற்று. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. நாள் முழுதும் கொதிக்கும் அண்டாவின் முன் நிற்பவனுக்கு உடம்பில் சூடு ஏறாமல் என்ன செய்யும் என்று வீட்டில் இளநீரும் வெந்தயமும் கொடுத்தார்கள். இரண்டு நாளில் நின்றுவிட்டது. நின்றதனால் குணமாயிற்று என்று நினைத்தோம். ஐந்தாறு மாதம் கழித்து மீண்டும் கண்டது, மீண்டும் நின்றது. மூன்றாம் முறை வைத்தியசாலைக்குப் போனபொழுது மூத்திரப்பையில் கட்டி வளர்ந்து தசை வரையில் பரவியிருந்தது. பீடி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றோம். தொழில் என்ன என்று கேட்டார்கள். ஆரணிக்காரர் எவரும் சொல்லுகிறபடி “நெசவு” என்றோம், அப்படியே எழுதிக்கொண்டார்கள். சாயம் என்ற சொல் அந்தச் சீட்டில் ஏறவேயில்லை. அவருடைய வியாதிக்குச் சாயந்தான் காரணம் என்று என்னால் இன்று நிரூபிக்க இயலாது. நிரூபிக்க இயலாமற் போனதற்கு அந்த ஒரு சொல் ஏறாமற் போனதும் ஒரு காரணம் என்பதை மட்டும் அறிவேன். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதும் அதற்காகத்தான்.

விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லுகிறேன். 1856-ஆம் வருஷம் லண்டனில், வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பிள்ளை, மலேரியாவுக்குரிய கொய்னா மருந்தைத் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு செய்ய முயன்று, மருந்துக்குப் பதிலாகப் பட்டில் பற்றும் ஓர் ஊதா நிறத்தைக் கண்டான். அதிலிருந்து பிறந்தவையே இன்று உன் அலமாரியில் இருக்கும் நிறங்களில் பெரும்பாலானவை. சாயவேரும் அவுரியும் கொம்பரக்கும் பின்வாங்கின. நீ அனுப்பிய கழிக்கு அரக்கு என்ற பெயர் நின்றதே தவிர, கொம்பரக்கு அதில் ஒரு துளியும் இல்லை. நாற்பது வருஷம் கழிந்து, 1895-இல், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துச் சத்திர வைத்தியர் லுட்விக் ரேன், நாம் மெஜந்தா என்று சொல்லும் நிறத்தைத் தயாரிக்கும் தொழிலாளிகளிடையே மூத்திரப்பைக் கட்டிகள் காண்பதை எடுத்துரைத்தார். ஓர் ஊரில், ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள், ஒரே வைத்தியரிடம் வந்ததனால் அது கண்ணில் பட்டது என்பதைக் கவனித்துக்கொள்.

நோய் உண்டாகும் வழியை உனக்குப் புரியும்படி சொல்லுகிறேன். பழைய சாயங்களிற் பலவற்றுக்கு பென்சிடின் என்ற பொருளே முதுகெலும்பு. 1884-இல் வந்த காங்கோ சிவப்பு அந்த வம்சத்தில் மூத்தது. நூலில் ஏறிய சாயம் நூலோடு நிற்கிறது. ஆனால் வாய் வழியாகவோ, மூச்சோடு போன பொடியாகவோ சரீரத்துக்குள் சென்ற சாயத்தைக் குடலிலுள்ள நுண்ணுயிர்களும் ஈரலும் பிளந்துவிடுகின்றன. பிளக்கும்போது உள்ளே கட்டுண்டிருந்த பென்சிடின் விடுபடுகிறது. ஈரல் அதை மாற்றி வெளியேற்றப் பார்க்கிறது. அது போகும் வழியோ மூத்திரம். மூத்திரம் பையில் மணிக்கணக்காகத் தங்குமாதலால், மற்ற அவயவங்களைத் தொட்டும் தொடாமலும் கடந்த விஷம் அங்கே மட்டும் உட்தோலோடு ஒட்டிக்கிடக்கிறது. அதன் விளைவு மறுநாள் தெரியாது, மறு வருஷமும் தெரியாது. பதினைந்து, இருபது வருஷம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அந்த இடைவெளிதான் இந்த நோயின் பெரிய சாமர்த்தியம். நாற்பது வயதுக்காரன் தன் இருபதாம் வயது டப்பாவை எங்கே போய்த் தேடுவான்?

கியோட்டோ நகரத்துச் சங்கதி நமக்கு இன்னும் நெருக்கமானது. அதுவும் பட்டு ஊர். ஜப்பானியரின் கிமோனோ உடைக்குப் பட்டின்மேல் தூரிகையால் சாயம் தீட்டும் சித்திரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்து வருகிறார்கள். மெல்லிய கோடு இழுக்க வேண்டுமானால் தூரிகையின் நுனி கூர்மையாக வேண்டும். அதற்காக அவர்கள் அதை உதட்டின் நடுவே வைத்து இழுத்துவிடுவது வழக்கம். அந்நகரத்து வைத்தியர் ஒசாமு யோஷிதா, தம்மிடம் மூத்திரப்பைப் புற்றோடு வருகிறவர்களின் தொழிலைச் சிரத்தையோடு விசாரித்து, அவர்களிடையே சாயத் தொழிலாளிகளும் இந்தச் சித்திரக்காரர்களும் மிகுந்திருப்பதைக் கண்டு 1971-இல் வெளியிட்டார். சாயத்தைத் தயாரிக்கும் ஆலைக்காரனுக்கு மட்டுமே ஆபத்து, அதை வாங்கிப் பட்டில் ஏற்றுகிற கலைஞனுக்கு ஒன்றுமில்லை என்ற நினைப்புக்கு அதன் பிறகு இடமில்லாமற் போயிற்று. அதைப் படித்த அன்று என் தமையனாரின் நாவில் இருந்த அந்த ஒரு சொட்டை நான் நினைத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு சான்றுகள் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் ராபர்ட் கேஸ் என்ற ஆராய்ச்சியாளர், ரசாயன ஆலைகளின் ஆட்பட்டியல்களை மரணப் பதிவுகளோடு ஒத்துப் பார்த்து, பென்சிடினும், சாயத் தொழிலின் மற்றொரு மூலப்பொருளான நாப்தைலமைனும் கையாண்டவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு அதிகமாக இந்த நோய்க்கு இரையாவதை 1954-இல் ஐயமற நிறுவினார். ரயில்வேயின் கதையும் அதுவே. ஆரணி ரோடு ஸ்டேஷனில் எஞ்சின் புகையை நாம் எவ்வளவு சகஜமாக முகர்ந்துகொண்டு நின்றிருக்கிறோம்! டீசல் புகைக்கு நடுவே வாழ்நாளைக் கழித்த அமெரிக்க ரயில்வே ஊழியர்களுக்கு நுரையீரல் புற்று அதிகம் என்பதை எரிக் கார்ஷிக்கும் அவருடைய சகாக்களும் 1988-இல் கண்டறிந்தார்கள். எதைக்கொண்டு? 1959 முதல் எந்த ஊழியன் எந்த வேலையில் இருந்தான் என்பதை வருஷந்தோறும் பதிந்துவந்த அங்கத்திய ஓய்வூதிய ஏடுகளைக்கொண்டு. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரின் கணக்கு அவற்றில் இருந்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-இல் டீசல் புகையைப் புற்று விளைவிக்கும் பொருளென்று அறிவித்ததற்கு இத்தகைய ஆராய்ச்சிகள் பெருந்துணையாயின. ஏடு இருந்த இடத்தில் நோய் தெரிந்தது. ஆரணியின் சாயப்பட்டறைகளில் நான் பார்த்த வரையில் ஏடு கிடையாது. கூலிக் கணக்கு உண்டு, யார் எந்தச் சாயத்தில் எத்தனை வருஷம் கை வைத்தான் என்ற கணக்கு இல்லை.

நம் சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். பென்சிடின் வழிவந்த 42 சாயங்களை 1993-இலும், வேறு 70 சாயங்களை 1997-இலும் தடை செய்தார்கள். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் மூத்திரப்பையின் உட்தோலில் எழும் கட்டியும் தொழில்நோயாக இடம் பெற்றது. ஆனால் சட்டம் முதலாளி யார், ஊழியன் யார் என்று கேட்கும். வீட்டுப் பின்கட்டில் இரண்டு அண்டா வைத்துக் கூலிக்குச் சாயம் போடுகிறவன் அதற்கு என்ன விடை சொல்லுவான்? திருப்பூரில் நொய்யலாற்றுக்காக விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன செய்தி உனக்குத் தெரியும். நதிக்காக வாதாட ஆள் இருந்தது நல்லதே. அந்த நீரில் முதலில் நனைந்த கைகளுக்காகவும் யாரேனும் வாதாடியிருக்கலாம் என்பது என் ஆற்றாமை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ பயந்துவிடக் கூடாது. உன் அலமாரியிலுள்ள எல்லாச் சாயமும் விஷம் என்பது என் அபிப்பிராயமன்று. பெயரும் எண்ணும் ஒட்டிய, தடைப்பட்டியலில் இல்லாத சாயங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. பழைய மூலிகைச் சாயத்துக்குத் திரும்பிவிட்டால் தீர்ந்தது என்று சில நண்பர்கள் சொல்லுகிறார்கள். நிறத்தைப் பிடிக்க வைக்க அவர்களிற் சிலர் சேர்க்கும் பைகுரோமேட் உப்பு எப்படிப்பட்ட நஞ்சு என்பதை, குரோமியக் கழிவு மலையாய்க் குவிந்து நிலத்தடி நீரையே கெடுத்த ராணிப்பேட்டைக்குப் போய்க் கேட்டால் தெரியும். சாயம் செடியில் பிறந்தாலும் டப்பாவில் பிறந்தாலும், என்னவென்று தெரிந்து தொடுவதே முறை.

ஆகையால் பெயர் ஒட்டாத பொட்டலத்தை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், எவ்வளவு அழகான சிவப்பைத் தந்தாலும், வாங்காதே. பொடியைக் கரண்டியால் எடு. காற்றில் பறக்கவிடாமல், மூக்கையும் வாயையும் நன்றாக மறைத்துக்கொண்டு, முதலில் சிறிது நீரில் குழைத்து, பிறகு அண்டாவில் விடு. கையுறை முழங்கை வரையில் வரட்டும். கைக்கு நூல் தெரியவில்லை என்பது முதல் ஆறு மாதத்துக் குறை, விரல் பழகிவிடும். புளிப்பை அறிய நாக்கு வேண்டாம், கடையில் விற்கும் சோதனைத் தாள் போதும். பட்டறைக்குள் சாப்பாடும் வெற்றிலையும் கூடாது. சாயம் பட்ட துணியோடு வீட்டுக்குப் போகாதே. தாகமில்லாவிட்டாலும் தண்ணீர் குடி. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வேலையை முடிக்கலாம் என்று இருக்காதே. பீடி, சிகரெட்டின் புகையிலும் அதே நாப்தைலமைன் இருக்கிறது; சாயக்காரன் அதைத் தொடுவது ஒரே பைக்கு இரண்டு வாசல் திறந்துவிடுவதாகும்.

எப்பொழுதாவது, இன்றோ இருபது வருஷம் கழித்தோ, மூத்திரத்தில் ஒரு முறை இரத்தம் கண்டாலும் சூடு என்று சொல்லி இளநீரோடு நின்றுவிடாதே. தானாக நின்றுபோனாலும் குணமென்று நம்பாதே. வேலூருக்கோ, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அண்ணாவின் பெயரால் நடக்கும் சர்க்கார் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ உடனே போ. குழாயில் விளக்கும் கண்ணாடியும் வைத்துப் பைக்குள்ளே பார்க்கும் சோதனை உண்டு. கட்டி உட்தோலளவில் இருக்கும்போதே கண்டால் பெரும்பாலும் பையையே காப்பாற்றலாம். அங்கே தொழில் என்ன என்று கேட்கும்போது நெசவு என்று சொல்லாதே. சாயம் போடுகிறேன், இத்தனை வருஷமாகப் போடுகிறேன் என்று சொல்லி, அது சீட்டில் எழுதப்படுவதைக் கண்ணால் பார்த்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்திரு.

இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடம் என் தமையனாரின் நோட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். முப்பது வருஷத்து நிறங்களெல்லாம் அதில் இருக்கின்றன. மயில்கழுத்துக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் அவர் கண்ட அளவுகள் உனக்கு மிகவும் உதவும். ஆனால் டப்பாவின் பெயரை அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. அரக்கு நிறத்துக்கு நேரே “புது டப்பா, இரண்டு கரண்டி” என்று இருக்கிறது. எந்த டப்பா என்று நானும் பல முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். நீ இனிச் சாயம் போடும் ஒவ்வொரு நாளும் தேதி, சாயத்தின் பெயர், டப்பாவில் அச்சிட்ட எண், தயாரித்த கம்பெனி, உன்னோடு அண்டாவில் நின்றவர்கள் யார் என்பதையெல்லாம் நிறத்தோடு சேர்த்து எழுதி வா. நோட்டின் பின்பாதியில் ஏடுகள் வெறுமையாக இருக்கின்றன.

இப்படிக்கு,
உன் பெரியப்பா