மருந்துக்கு மடியாத புல்

எஸ்டிபிஎம் உயிரியல் படிக்கும் என் மகள் பரிணாமப் பாடத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டில் பிரம்மா படைத்தார் என்று சொல்லி வளர்த்தோம். அறிவியல் வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்லித் தந்தால் பிள்ளைகளுக்குக் குழப்பம் இருக்காதே?
– வாசகி, புக்கிட் ரோத்தான்

சேர்த்தால்தான் குழப்பம், சகோதரி. அந்த வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் இருப்பார்கள். யார் வீட்டுப் படைப்புக் கதையை ஆசிரியர் பாடமாக்குவார்? தசாவதாரமே பரிணாமம்தான் என்று மேடைகளில் பேசுகிறார்கள். மச்சமும் கூர்மமும் பக்திக்கு உரியவை. அவற்றைத் தேர்வுத்தாளுக்கு இழுக்க வேண்டாம்.

பாடம் உங்கள் செம்பனைத் தோட்டத்திலேயே இருக்கிறது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தை வருடக்கணக்காக அடித்த இடங்களில், எத்தனை முறை அடித்தாலும் சாகாத ஒருவகைப் புல் முளைத்தது. 1997-இல் மலேசியாவில் பதிவான செய்தி இது. மருந்து அந்தப் புல்லுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆயிரமாயிரம் புற்களில் ஏற்கெனவே சற்று மாறுபட்டிருந்த சில தப்பின; அவை விதை போட்டன; அடுத்த தலைமுறையில் அவற்றின் வாரிசுகளே நிறைந்தன. இயற்கைத் தேர்வு என்பது இதுதான். டார்வினைப் போலவே இதே முடிவுக்கு வந்த இயற்கையியலாளர் வாலஸ், 1855-இல் தம் முதல் முக்கியக் கட்டுரையை எழுதியதும் நம் சரவாக்கில்தான்.

மகள் மாலையில் விளக்கேற்றிக் கும்பிடட்டும். தேர்வுத்தாளில் மாறுபாடு, இயற்கைத் தேர்வு, மரபு என்று வரிசையாக எழுதட்டும். அந்தப் புல்லில் மாறியது எது என்று ஆசிரியரிடம் கேட்கவும் சொல்லுங்கள். தப்பிய செடிகள் சிலவற்றில், மருந்து தாக்கும் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது.